நாலங்குலக் காய்ச்சல்

காய்ச்சலில்கூட எனக்கு முதலிடம் கிடைக்கவில்லை. என் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் நூற்று மூன்றரை என்று எழுதியிருந்தது. பக்கத்துக் கட்டிலின் அட்டையில் நூற்று நாலு. அரை டிகிரியில் தோற்றேன். அந்த அரை டிகிரியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஜெர்மன் சண்டை தொடங்கி இரண்டாம் வருஷம் அது. ஆட்டையாம்பட்டியில் சென்னைத் தினசரி ஒன்றுக்கு நான் ஏஜெண்டாக இருந்தேன். ஏஜெண்டு என்றால், காலை பஸ்ஸின் கூரையிலிருந்து விழும் கட்டை அவிழ்த்து நாற்பது வீடுகளுக்குப் பேப்பர் போடுகிறவன். வீட்டுக்குப் பின்னால் மூன்று ஏக்கர் புஞ்சையும் இருந்ததால் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. அதே பத்திரிகைக்கு அந்த வட்டாரத்து நிருபரும் நானே. நிருபர் என்றதும் மாதச் சம்பளம் என்று எண்ணிவிட வேண்டாம். நாம் அனுப்பிய செய்தி அச்சில் வந்தால் அதைக் கத்தரித்து வெள்ளைத் தாளில் ஒட்டி மாதக் கடைசியில் அனுப்ப வேண்டும். ஆபீசில் அடிக்கோல் வைத்து அளந்து, அங்குலத்துக்கு இவ்வளவு என்று மணியார்டர் செய்வார்கள். அதனால் உலகத்தையே நான் அங்குலக் கணக்கில் பார்க்கப் பழகியிருந்தேன். கிணற்றில் மாடு விழுந்தால் ஒரு அங்குலம். மாட்டை எடுக்கப்போன மனிதனும் விழுந்தால் இரண்டு. கலெக்டர் வந்தால் ஆறு. என் கல்யாணத்தை நானே எழுதி அனுப்பினேன். அது வரவேயில்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள் பஸ் தாமதமாக வந்தது. கட்டு நனைந்துவிடக் கூடாதென்று சட்டையைக் கழற்றி அதன்மேல் போர்த்திக்கொண்டு வீடு வீடாக ஓடினேன். ஒரு பிரதிகூட நனையவில்லை. மூன்றாம் பக்கத்தில் அன்று மழைக்காலத்தில் உடம்பைப் பாதுகாக்கும் வழி பற்றி ஒரு கட்டுரை இருந்தது.

இரண்டு நாளில் குளிர் உதறியது. வலது விலாவில் மாடு ஓட்டும் தார்க்குச்சியால் குத்துவதுபோல் வலி. மூச்சை முழுசாக இழுக்க முடியவில்லை. இருமினால் சளி செங்கல் பொடி கலந்ததுபோல் வந்தது. என் மனைவி பாவாயி அதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் தன் தம்பி ரங்கசாமிக்கு ஆள் அனுப்பினாள். அவள் பேசாமல் ஒரு காரியம் செய்தால் காரியம் பெரிது என்று அர்த்தம்.

சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் என் முதுகில் ஒரு விரலை வைத்து, அதன்மேல் இன்னொரு விரலால் தட்டிக்கொண்டே வந்தார். சந்தையில் பானை வாங்குகிறவள் தட்டிப் பார்ப்பாளே, அப்படி. எல்லா இடத்திலும் வெறும் பானைச் சத்தம். வலது பக்கம் கீழே மட்டும் நிறைபானைச் சத்தம்.

"நிமோனியா" என்றார்.

நுரையீரல் என்பது காற்றுக்காக ஏற்பட்ட பஞ்சு. அதற்குள் கிருமி புகுந்து நீரும் சளியும் கட்டிக்கொண்டால் அந்தப் பகுதி ஈரல்போல் கெட்டியாகிவிடுகிறது; காற்றுக்கு இடமில்லை. முன்பெல்லாம் இதற்கு மருந்தே கிடையாதாம். ஒன்பதாம் நாள்வரை நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டு, ஆள் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்த்துக்கொண்டிருப்பார்களாம். இப்போது சீமையிலிருந்து சல்பா என்று ஒரு மாத்திரை வந்திருக்கிறது. முதல் வேளைக்கு நாலு. பிறகு நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் இரண்டிரண்டு. கூடவே சோடா உப்பு போட்ட தண்ணீர் செம்பு செம்பாக.

"நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் செத்ததுபோல் படுத்திருக்கிற கிருமி எழுந்து உட்கார்ந்துவிடும். இரண்டாந்தரம் எழுந்தால் பிடிப்பது கஷ்டம்" என்றார் டாக்டர்.

எழுந்து உட்காரும் கிருமியை நினைத்தே எனக்கு இன்னொரு அரை டிகிரி ஏறியிருக்க வேண்டும். அப்படியும் நூற்று மூன்றரைதான்.

மாத்திரை விழுங்கிய கால்மணி நேரத்தில் வயிறு புரட்டும். நாக்கில் சுண்ணாம்பும் வேப்பங்காயும் கலந்த ஒரு கசப்பு. அது அடுத்த வேளைவரை போகாது. ஆனால் இரண்டாம் நாளே விலாக் குத்தல் பாதியாகிவிட்டது.

அன்றைக்குத்தான் பக்கத்துக் கட்டிலுக்குத் தலைவர் வந்தார்.

பெயரை எழுதப்போவதில்லை. அவர் இன்னும் சுகமாக இருக்கிறார். நானும் இருக்க விரும்புகிறேன். ராசிபுரம் பக்கத்துக்காரர். கதர் தவிர வேறு உடுத்தாதவர். சந்தைப்பேட்டையில் சீமைத்துணி கொளுத்தியவர். அந்நியச் சாமான் எதையும் தொடுவதில்லை என்று மேடையில் அவர் செய்த சபதத்தை நானே எழுதியிருக்கிறேன், மூன்றரை அங்குலம். சத்தியாக்கிரகம் செய்து ஜெயிலுக்குப் போக நாள் குறித்திருந்தார். அதற்குள் நிமோனியா முந்திக்கொண்டது. என்னுடையது வலது பக்கம். அவருடையது இடது பக்கம். இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு நோயாளி.

மறுநாள் ரங்கசாமி ஊரிலிருந்து ஒரு தந்தியோடு வந்தான். பத்திரிகை ஆபீசிலிருந்து எனக்கு வந்தது. தலைவர் உடல்நிலை பற்றித் தினமும் செய்தி அனுப்பும்படி உத்தரவு. நானும் அதே வார்டில் அதே வியாதியோடு அடுத்த கட்டிலில் கிடக்கிறேன் என்று விவரமாக எழுதிப்போட்டேன். பதில் கார்டில் இரண்டே வார்த்தை இருந்தது: "மிகவும் வசதி."

ஆக, படுத்த படுக்கையில் பென்சிலை எடுத்தேன். சிஸ்டர் வந்து எனக்கும் தெர்மாமீட்டர் வைப்பாள், அவருக்கும் வைப்பாள். என் காய்ச்சல் அட்டைக்குப் போகும். அவர் காய்ச்சல் சென்னைக்குப் போகும். ரங்கசாமி என் கடிதத்தைச் சூரமங்கலம் ஸ்டேஷனில் மெயில் வண்டியில் சேர்ப்பான். மூன்றாம் நாள் காலை அது அச்சில் வரும். தலைவரின் இருமல் நாலங்குலம். அவர் சிறிது கஞ்சி உட்கொண்டது ஒரு அங்குலம். ஒவ்வொரு நாளும் கடைசியில், "அதே வார்டில் நமது நிருபரும் சிகிச்சை பெற்று வருகிறார்" என்று ஒரு வரி சேர்த்தேன். ஒவ்வொரு நாளும் அதை வெட்டினார்கள். காகிதத் தட்டுப்பாடு என்பது காரணமாக இருக்கலாம். என் காய்ச்சலுக்கு அரை அங்குலக் காகிதம் இந்த ராஜ்யத்தில் இல்லை.

என்ன மருந்து என்று எழுத வேண்டுமே. தலைவரின் காரியதரிசியைக் கேட்டேன். மடிப்புக் கலையாத கதர்ச் சட்டைக்காரர். குரலைத் தாழ்த்தாமல், வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"சீமை மாத்திரை வேண்டாம்னு சொல்லிப்போட்டாருங்க. துளசியும் ஆடாதொடையும் போட்ட கஷாயந்தான். எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன். எழுதும்போது வயிறு எரிந்தது. மாத்திரையினால் அல்ல. என்ன மனிதர் இவர், சாகக் கிடக்கும்போதும் சபதத்தை விடவில்லையே. நானோ முதல் வேளைக்கு நாலு என்றதும் ஐந்தாகத் தரமாட்டீர்களா என்று கேட்டவன்.

செய்தி வந்ததும் கூட்டம் வந்தது. பார்வையாளர் நேரம் நாலு மணிக்கு. மூன்றரைக்கே தாழ்வாரம் நிறைந்துவிடும். கமலாப்பழம், சாத்துக்குடி, திராட்சை. அவர் கட்டிலுக்கடியில் பழக்கடை வைக்கலாம். என் கட்டிலுக்கடியில் என் செருப்பு. ஒரு நாள் எங்கள் ஊர் நெசவாளர்களே பத்துப் பேர் வந்துவிட்டார்கள். முன்னால் செங்கோடன், நான் தினமும் பேப்பர் போடும் வீட்டுக்காரன். கையில் தாங்களே நூற்ற நூலில் செய்த மாலை. எனக்குத்தான் என்று எழுந்து உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டேன். என்னைத் தாண்டிப்போய்த் தலைவர் கழுத்தில் போட்டார்கள். திரும்பும்போதுதான் செங்கோடன் என்னைப் பார்த்தான்.

"அட, நீங்களும் இங்கதான் இருக்கறீங்களா? அதுதான் நாலஞ்சு நாளாப் பேப்பர் நேரத்துக்கு வாரதில்லைங்க" என்றான்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது எள்ளுருண்டையை.

தலைவருக்கும் எனக்கும் நடுவில் இருந்த சின்ன அலமாரியில் ஒரு தகர டப்பா. அதில் எள்ளுருண்டைகள். நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் காரியதரிசி டப்பாவைத் திறந்து, இரண்டு உருண்டையை எடுத்துத் தலைவர் வாயில் போடுவார். தலைவர் கண்ணை மூடி விழுங்குவார். எனக்கு உப்பில்லாக் கஞ்சி. அவருக்கு வெல்லமும் எள்ளும். அந்த எள் வாசனை என் நிமோனியாவையும் துளைத்துக்கொண்டு வந்தது. ஒரு விஷயத்தை மட்டும் நான் கவனிக்கத் தவறினேன். உருண்டை தின்ற கால்மணி நேரத்தில் அவரும் என்னைப்போலவே வாந்தி எடுக்கப் பீங்கான் கிண்ணத்தைத் தேடுவார்.

ஒரு மத்தியானம் அவரை எக்ஸ்ரே எடுக்கத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். காரியதரிசியும் கூடவே போனார். நான் கையை நீட்டினேன். நிருபரின் கை, எட்டாத இடம் கிடையாது. ஒரு உருண்டையை வாயில் போட்டுக் கடித்தேன். முதலில் எள். பிறகு வெல்லம். பிறகு சுண்ணாம்பும் வேப்பங்காயும்.

அந்தக் கசப்பை ஏழெட்டு நாளாக நாக்கிலேயே வைத்திருப்பவனை ஏமாற்ற முடியாது. உள்ளே இருந்தது சீமை மாத்திரை.

சிஸ்டர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண். சிரிப்பை உதட்டுக்குள்ளேயே வைத்திருப்பவள்.

"அது உங்க மருந்து இல்லையே."

"ரெண்டு பேருக்கும் ஒரே மருந்துதானே, சிஸ்டர்."

அவள் வந்து டப்பாவை மூடினாள். "டாக்டருக்கு ஆள் பிழைக்கணும். எப்படி விழுங்கினா என்னன்னு சொல்லிட்டார். நீங்க எழுதிடாதீங்க."

நான் எழுதவில்லை. இங்கே என்னைப்பற்றி ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். தலைவரின் மானத்தைக் காப்பாற்றுவதற்காக நான் சும்மா இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். மாத்திரை என்று எழுதினால் ஆபீசில் வெட்டிவிடுவார்கள். கஷாயம் என்றால் நாலங்குலம். அன்று மாலை, "மூலிகைக் கஷாயத்தின் மகிமையால் தலைவரின் காய்ச்சல் நன்கு இறங்கியிருக்கிறது. அந்நிய மருந்துகளின் அவசியமின்மை இதனால் விளங்குகிறது" என்று எழுதினேன். ஐந்தங்குலம் வந்தது.

என் சொந்த மாத்திரைக் கதை வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது. முதல் ஆறு நாளுக்கு ஆஸ்பத்திரிக் கையிருப்பில் கொடுத்தார்கள். சண்டையினால் கப்பல் வரவில்லை, இனி வெளியில்தான் வாங்க வேண்டும் என்று டாக்டர் சீட்டு எழுதினார். முன்பு இரண்டணாவுக்கு விற்றது எட்டணா என்றான் கடைக்காரன். ரங்கசாமி கையிலிருந்ததைப் போட்டு இன்னும் இரண்டு நாளுக்கு வாங்கினான். பிறகு அதே கடையில் ஒரு ரூபாய். காய்ச்சல் விட்டிருந்தது. ஆனால் இன்னும் இருபத்துநாலு மாத்திரை கட்டாயம் என்றார் டாக்டர்.

பாவாயி யோசிக்கவில்லை. "அந்தச் சினைக் கிடேரிய வித்துப்போடு" என்று தம்பியிடம் சொன்னாள். கிடேரியை அவள் கன்றிலிருந்து வளர்த்தவள். சொல்லும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

ரங்கசாமி போனவன் அன்றும் வரவில்லை, மறுநாள் காலையிலும் வரவில்லை. மாத்திரை தீர்ந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் எனக்கு மறுபடியும் குளிர் எடுத்தது. விலாவில் பழைய இடத்திலேயே தார்க்குச்சி மெதுவாக நுழைந்தது. சிஸ்டர் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு எனக்குக் காட்டாமல் உதறினாள். கிருமி எழுந்து உட்கார்ந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இந்தத் தடவை எனக்கு நூற்று நாலு. தலைவருக்குச் சாதாரணச் சூடு. கடைசியில் ஜெயித்தேன், சந்தோஷப்படத்தான் தெம்பில்லை.

நாலு மணிக்கு ரங்கசாமி வந்தான். முகம் மலர்ந்திருந்தது. ஒரு கையில் பித்தளைத் தூக்கு, மறு கையில் மடித்த பேப்பர்.

"மாத்திரை எங்கடா?" என்றாள் பாவாயி.

"அக்கா, கிடேரி நாப்பது ரூவாய்க்குப் போச்சு. கடையில போய்க் கேட்டா இன்னைக்கு ஒண்ணரை ரூவாங்கறான். இருபத்துநாலு மாத்திரைக்கு முப்பத்தாறு ரூவா. அப்பத்தான் இந்தப் பேப்பரப் பாத்தேன்." என் பக்கம் திரும்பினான். "மச்சான், அந்நிய மருந்தே தேவையில்லைனு போட்டிருக்குதுங்க. தலைவரே கஷாயத்துல எந்திருச்சுட்டாராமா. இங்கியே சூரமங்கலத்துல ஒறம்பரைச் சனம் ஊட்டுல கஷாயம் வெச்சுக் கொண்டாந்துட்டேன். துளசி, ஆடாதொடை, அல்லாம் வேலியில கெடக்குது, காலணாச் செலவில்லை. பணம் அப்படியே மடியில இருக்குதுங்க. கிடேரியத் திரும்பப் புடிச்சுக்கலாம்."

அவன் பேப்பரை விரித்தான். ஐந்தங்குலம். என் எழுத்து.

அந்தச் செய்தியை நான் ஆயிரம் பேருக்கு எழுதினேன். ஆயிரம் பேரில் என் மச்சினனும் ஒருவன் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. பேப்பர் எழுதுகிறவனுக்குப் படிக்கிறவன் எப்போதும் வேறு ஊர்க்காரன்.

"மாப்ள, அது பொய்" என்றேன்.

"பேப்பர்ல வந்திருக்குதுங்க."

"நான்தாண்டா எழுதினேன்."

"அதுனாலதானுங்க நம்புனேன்" என்றான்.

பக்கத்துக் கட்டிலைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். நான் பாவாயியைக் குனியச் சொல்லி, காதோடு காதாக எள்ளுருண்டைக் கதையைச் சொன்னேன். திருடித் தின்றதையும் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்த டப்பாவுல இன்னும் எத்தன இருக்குதுங்க?"

"பத்துப் பன்னிரண்டு இருக்கும்."

தம்பியின் கையிலிருந்த தூக்கை வாங்கிக்கொண்டு பாவாயி கூட்டத்துக்குள் போனாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி நிதானமாகப் பேசினாள்.

"ஏனுங் சாமி, பேப்பர்ல போட்டிருந்தாங்க. கஷாயத்துலயே உங்களுக்குக் குணமாயிருச்சாமா. எங்கூட்டுக்காரருக்கு அந்தப் பாக்கியம் இல்லைங்க. வாயி கசந்து கெடக்குறாரு. உங்க எள்ளுருண்டை மேல அவருக்கு ஒரே ஆசைங்க. சபதம் காப்பாத்துன கை. அந்தக் கையால குடுத்தீங்கன்னா அவரு பொழச்சுக்குவாருங்க."

காரியதரிசியின் கை டப்பாமேல் போனது. "அதும்மா... அது தலைவருக்குன்னு..."

"எள்ளுருண்டைக்குப் பஞ்சமா? நாளைக்கு நான் புடிச்சுக் கொண்டாரேனுங்க" என்றாள் பாவாயி.

தலைவர் கூட்டத்தைத் தாண்டி என்னைப் பார்த்தார். நான் கம்பளியை மூக்குவரை இழுத்துக்கொண்டேன். சுற்றி நின்றவர்கள், ஒரு எள்ளுருண்டைக்கு இவ்வளவு யோசனையா என்பதுபோல் அவரைப் பார்த்தார்கள்.

"எடுத்துக்குங்கம்மா. எல்லாத்தையும் எடுத்துக்குங்க" என்றார் தலைவர்.

பாவாயி டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டாள். போகவில்லை. தூக்கின் மூடியைத் திறந்தாள். "வெறுங்கையா வாங்கலாமுங்களா? கஷாயம் சூடாக் கொண்டாந்திருக்கறன். குடிச்சுப்போடுங்க சாமி."

ஆடாதொடையின் கசப்பு குடித்தவர்களுக்குத் தெரியும். தலைவர் இரண்டு கையாலும் தூக்கை வாங்கி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பேப்பர்ல வந்தது நெசந்தாஞ் சாமி" என்றார்.

ஐந்து நிமிஷத்தில் என் வயிற்றில் நாலு உருண்டை இருந்தது. சிஸ்டர் தண்ணீரும் சோடா உப்பும் கொண்டுவந்து கொடுத்தாள். உதட்டுக்குள் இருந்த சிரிப்பு அன்று வெளியே வந்துவிட்டது. ரங்கசாமி பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, ஒண்ணரை ரூபாய்க் கடைக்கு ஓடினான். கிடேரி போனது போனதுதான்.

மறுநாள் பாவாயி புது மாத்திரைகளை எள்ளிலும் வெல்லத்திலும் உருட்டி, எடுத்த கணக்குக்குக் குறையாமல் தலைவரின் டப்பாவை நிரப்பிவைத்தாள். ஆள் இல்லாத நேரத்தில் தலைவர் ஒன்றைத் தின்றார்.

"உங்க ஊட்டுல எள்ளு நல்லாப் பதமா வறுத்திருக்குதுங்க" என்றார் என்னிடம். இத்தனை நாள் அடுத்தடுத்துக் கிடந்து, எங்களுக்குள் அதுதான் முதல் பேச்சு.

வாயைத் துடைத்துக்கொண்டு, "எழுதுவீங்களா, கவுண்டரே?" என்று கேட்டார்.

"எழுதினா வெட்டிப்போடுவாங்க."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "ஜெயிலுக்கு நான் பயப்படலீங்க. துணி மூட்டையெல்லாம் கட்டி வெச்சிருந்தேன். இந்த மூச்சு முட்டறதுக்குத்தான் பயந்துட்டேன். மாத்திரை தின்னேன்னு வெளிய தெரிஞ்சா, சந்தையில நான் கொளுத்தச் சொன்ன வேட்டிக்கெல்லாம் யாரு பதில் சொல்றது? ஒருத்தன் கல்யாண வேட்டியக் கொண்டாந்து போட்டான்."

பயத்தைக்கூட இந்த மனிதர் எவ்வளவு அழகாகச் சொல்கிறார் என்று பொறாமையாக இருந்தது.

"இந்த மாத்திரைய நம்ம ஊர்லயே நாலணாவுக்குச் செஞ்சா, சபதமும் நிக்கும், ஆளும் நிப்பான்" என்றார் பிறகு.

"அதைக் கூட்டத்துல பேசுங்க. ஆறங்குலம் தாரேன்" என்றேன். சிரித்தார். சிரித்ததில் இருவருக்கும் இருமல் வந்தது. அவர் இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டார், நான் வலது பக்கத்தை.

ஊருக்குத் திரும்பும்போது டாக்டர் போதும் என்று நிறுத்தியதில் நாலு மாத்திரை மிச்சம் இருந்தது. கடைசிச் செய்தியாக, தலைவரும் நிருபரும் ஒரே மாத்திரையால் குணமடைந்தார்கள் என்று உள்ளதை எழுதிப்போட்டேன். "கஷாயத்தால் குணமடைந்த தலைவர் வீடு திரும்பினார்" என்று வந்தது. நாலங்குலம். மணியார்டரும் வந்தது, நான் அதை இன்னும் முழு மனதோடு செலவழிக்கவில்லை.

வீட்டில் இரண்டு நாள் படுத்துவிட்டு, மூன்றாம் நாள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பேப்பர் போடக் கிளம்பினேன். தெருவே துளசி மணத்தது. நாற்பது வீட்டிலும் நின்று, கஷாயச் செய்தி பொய், மாத்திரையால்தான் பிழைத்தேன், அவரும் அப்படித்தான் என்று சொன்னேன். அவரும் என்றதை மட்டும் யாரும் காதில் வாங்கவில்லை. செங்கோடன் வீட்டில் தறிச் சத்தம் இல்லை. உள்ளே அவன் மனைவி சுவரில் சாய்ந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு, குட்டி குட்டியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பில் ஆடாதொடை கொதித்துக்கொண்டிருந்தது.

"மூணு நாளாக் குடுக்கறமுங்க. நீங்க எழுதுனதுதானுங்களே" என்றான் செங்கோடன்.

"தப்பா எழுதிட்டேன் செங்கோடா."

"எழுதுனதும் நீங்க, இல்லைங்கறதும் நீங்க. எதுங்க நம்பறது?"

நியாயமான கேள்வி. அச்சில் வந்த சொல்லுக்கு எதிராக வாய்ச் சொல் எடுபடாது என்பதை நாற்பது வீட்டிலும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து அந்த நாலு மாத்திரையை அவன் உள்ளங்கையில் வைத்தேன்.

"ஒண்ணு ஒண்ணரை ரூபாய். பொய்யின்னா இதை உனக்குச் சும்மா குடுப்பனா?"

அவன் என்னை நம்பினானோ விலையை நம்பினானோ தெரியாது. அடுத்த பஸ்ஸிலேயே ரங்கசாமி அவர்களைச் சேலத்துக்குக் கூட்டிப்போனான். டாக்டர் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு, அந்த நாலையே முதல் வேளைக்குக் கொடுத்தாராம். மற்றதற்குச் செங்கோடன் தறியில் இருந்த சேலையை முன்பணத்துக்குக் கொடுத்தான்.

மூன்று வாரம் கழித்து அவள் தன் காலால் நடந்து பஸ்ஸை விட்டு இறங்கினாள். மறுநாள் செங்கோடன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் புது நூல்மாலை. மஞ்சள் தேய்த்துப் பளபளவென்றிருந்தது. வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன். கழுத்து தானாக முன்னால் நீண்டது.

"எம்பொண்டாட்டி பொழச்ச அந்த நாலு மாத்திரை தலைவரு டப்பாவுல இருந்து வந்ததாமுங்களே, பாவாயக்கா சொன்னாங்க" என்றான் செங்கோடன். "இத அவருக்குச் சேத்திருங்க. நீங்கதான் அடிக்கடி சேலம் போறவங்க."

அவை என் கிடேரியிலிருந்து வந்த மாத்திரைகள். சொல்ல வாயெடுத்தேன். உள்ளே பாவாயி நெல் புடைப்பது நின்றது. அன்று டப்பாவோடு கொடுத்த மனிதருக்கு அவள் கணக்கில் இதுதான் பதில் மரியாதை என்று புரிந்தது. வாயை மூடிக்கொண்டு மாலையை வாங்கிக்கொண்டேன்.

அவன் போனபின் கத்தரிப்புகளை அளக்கும் அடிக்கோலை எடுத்து மாலையை அளந்து பார்த்தேன். நாற்பத்திரண்டு அங்குலம். கதவைச் சாத்திவிட்டு அன்று பகல் முழுக்க அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டே மாதக் கணக்கை ஒட்டினேன். சாயங்காலம் காபியோடு வந்த பாவாயி பார்த்துவிட்டாள்.

"உங்களுக்கு நல்லாத்தான் இருக்குதுங்க" என்றாள். "காலைல பஸ்ஸுல மறக்காம அனுப்பிப்போடுங்க."

அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் அது பேப்பரில் வந்தது: நெசவாளர்கள் தலைவருக்கு நூல்மாலை அனுப்பினர். ஒரு அங்குலம். எழுதியவன் நான்தான்.